நீண்ட ஆயுளும் நிறைந்த பணியும்: தாதியாக வாழ்ந்த உம்மும்மாவை நினைவுகூர்தல்





மனிதருள் சிறந்தவர் யார் என வினவப்பட்டபோது, நீண்ட ஆயுளைப் பெற்று அதனை நற்செயல்களால் அழகுபடுத்தியவரே என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடை பகர்ந்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஆயுள் நீள்வது அல்லாஹ்வின் நாட்டம். நீண்ட அந்த ஆயுளை நன்மைகளால் நிரப்புவது மனிதனின் முயற்சி.

அவ்வாறு நிரம்பிய ஒரு வாழ்வைப் பற்றியே இன்று சிந்திக்கப் போகிறோம். மருத்துவத் தாதியாகப் பணிபுரிந்து, ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளின் மத்தியில் முதுமையடைந்த உம்மும்மாவின் வாழ்வு அது. வலப்பனையிலோ, இராகலையிலோ, உடப்புசல்லாவையிலோ, உங்கள் குடும்பத்திலோ, அயல்வீட்டிலோ அத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். அண்மையில் உங்களைப் பிரிந்து மையவாடியில் அடங்கியும் இருக்கக்கூடும். அவரை நாம் எவ்வாறு நினைவுகூர வேண்டும்?

ஜனாஸாவன்று வீடு நிறைகிறது. “என்னுடைய பிள்ளைகள் பிறந்தபோது பக்கத்தில் நின்றவ இவதான்” என்று யாரோ ஒரு தாய் கண்ணீர் மல்கக் கூறுகிறார். மாற்று மதச் சகோதரர்களும் தோட்டத்திலிருந்து வந்து வாசலில் மௌனமாக நிற்கிறார்கள். சில நாட்களில் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். அலுமாரியில் வெள்ளைச் சீருடையும், பழைய வெப்பமானியும் எஞ்சுகின்றன. அவர் என்ன செய்தார் என்பது மாத்திரம் வீட்டில் எவருக்கும் முழுமையாகத் தெரிவதில்லை.

இளைஞர்களே! 1930களில் பிறந்த ஒரு பெண் எத்தகைய காலத்தில் கண்விழித்தார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் இலங்கையில் ஒவ்வொரு 100,000 பிறப்புகளுக்கும் 2,000க்கும் அதிகமான தாய்மார் பிரசவத்தின் காரணமாக உயிரிழந்தனர். 1934, 1935 ஆண்டுகளில் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவுகொண்டது. பெருந்தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது உண்மைதான். ஆயினும் சட்டம் எழுதப்படுவது வேறு. லயத்துக் காம்பராவில் நள்ளிரவில் வேதனையால் துடிக்கும் தாய்க்கு ஓர் உதவிக்கரம் கிடைப்பது வேறு.

1950ஆம் ஆண்டளவில் அந்தத் தாய் மரண வீதம் 500க்கும் 600க்கும் இடைப்பட்ட நிலைக்குக் குறைந்தது. அதன் பின்னரும் அது தொடர்ந்து வீழ்ச்சியடைந்தது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. இந்நாட்டின் இறுதிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்தது.

இவை தாமாக நிகழ்ந்தனவா? மருந்தும் விஞ்ஞானமும் அரசின் இலவச வைத்தியசேவையும் காரணங்கள்தாம். எனினும் அந்த மருந்தை ஊசியில் ஏற்றியவரும், பிள்ளை மடுவத்துக் குழந்தைகளுக்குத் தடுப்புமருந்து கொடுத்தவரும், பிரசவ விடுதியில் விடியும்வரை விழித்திருந்தவரும் யார்? தாதியரும் மருத்துவிச்சியருமே! ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்று அல்குர்ஆன் போதிக்கிறது. அவ்வாறாயின் உங்கள் உம்மும்மா எத்தனை உலகங்களுக்கு உதவியிருப்பார்!

அன்பார்ந்த பெற்றோர்களே! இப்பணி நமது மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 627இல் நடைபெற்ற அகழ் யுத்தத்தில் ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த றுபைதா (ரழி) என்னும் பெண்மணியின் கூடாரத்துக்கு அவர் கொண்டு செல்லப்பட்டார். காயமுற்றோருக்குச் சிகிச்சையளிப்பதையே அப்பெண்மணி நன்மை கருதிய பணியாகக் கொண்டிருந்தார். அண்ணலார் (ஸல்) அவர்கள் காலையிலும் மாலையிலும் அவ்வழியே சென்று ஸஃதின் நலன் விசாரித்தார்கள். ஈற்றில் அதே காயத்தின் காரணமாக ஸஃத் (ரழி) உயிர்நீத்தார்கள். அதனால் அத்தாதியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. குணமளிப்பவன் அல்லாஹ், அருகிலிருந்து பணிபுரிவதே தாதியின் கடமை.

உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் நபியவர்களுடன் ஏழு போர்களில் கலந்துகொண்டு நோயாளிகளைப் பராமரித்தார்கள். நவீன தாதியியலின் முன்னோடி எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போர்முனைக்குச் சென்றது 1854இல். அதற்கு 1,200 ஆண்டுகளுக்கும் முன்னரே மதீனாவில் இப்பணி நிகழ்ந்திருக்கிறது.

ஆயினும் இன்று நமது நிலை என்ன? நம் மகள் பிரசவத்துக்காக வைத்தியசாலைக்குச் சென்றால், அவள் அருகில் ஒரு பெண்தான் நிற்க வேண்டும் என விரும்புகிறோம். அப்பெண் தமிழில் பேசக்கூடியவராகவும், நமது பழக்கவழக்கங்களை அறிந்தவராகவும் இருந்தால் மனம் நிறைகிறது. இது நியாயமான விருப்பமே. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கும் அதே மகளின் தங்கை, “நான் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டுமா, வாப்பா?” எனக் கேட்டால் நம் முகம் ஏன் மாறுகிறது? எல்லோரும் தத்தம் மகளை வீட்டில் நிறுத்திக்கொண்டால், அந்தக் கட்டிலருகே எவருடைய மகள் வந்து நிற்பாள்?

இரவுப் பணி, தூரப் பயணம், உடை, திருமணம் ஆகியன பற்றிய உங்கள் அச்சத்தை அற்பமானதாகக் கருத முடியாது. ஆனால் றுபைதா (ரழி) அவர்களின் கூடாரம் எங்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள். அது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. மஸ்ஜிதுந் நபவியிலேயே அமைந்திருந்தது. பணிபுரிந்த பெண்ணுக்குரிய இடத்தையும் கண்ணியத்தையும் சமூகத்தின் மத்தியிலேயே வழங்கினார்கள். நமது ஜமாஅத்துகளும் தாதிப் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம், போக்குவரத்து, பண உதவி ஆகியவற்றை ஒழுங்கு செய்யலாமே! அச்சத்தைச் சொல்லி மகளின் வழியை அடைப்பதைவிட, அச்சத்தின் காரணத்தை நீக்குவது மேலல்லவா?

இளைஞர்களே! உம்மும்மா இன்னும் உயிரோடிருந்தால் நீங்கள் பாக்கியசாலிகள். கையடக்கத் தொலைபேசியைச் சற்று ஒதுக்கிவிட்டு அவரருகே அமருங்கள். எங்கு பயிற்சி பெற்றார், எந்தெந்த ஊர்களில் பணியாற்றினார், பாதை அடைபட்ட மழைநாட்களில் என்ன செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவரது கைப்பழக்கத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ஒரு ஜீவனிப் பக்கற்றைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் கரைப்பது எவ்வாறு, இரத்தம் பாயும் காயத்தை அழுத்திப் பிடிப்பது எவ்வாறு என்பவற்றை அறிந்து கொள்ளுங்கள். 2007 ஜனவரியில் வலப்பனையில் மண்சரிவு ஏற்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியும் மலையகத்தை உலுக்கியது. பாதைகள் துண்டிக்கப்படும் வேளையில், வைத்தியசாலையை அடையும்வரை, அறிந்த ஒரு கையே பெருந்துணை.

அவர் படுக்கையில் விழுந்துவிட்டாரா? ஆயிரம் பேரைத் தூக்கி நிறுத்திய உடல் அது. மாதாமாதம் பணம் அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிவிடுவதும், நீர் பருகக் கொடுப்பதும் பெண்களின் வேலை மாத்திரமன்று, பேரன்மாரின் வேலையுங்கூட. முதுமையடைந்த பெற்றோரிடம் ‘சீ’ என்றும் சொல்லலாகாது என்பது இறைகட்டளை. அவர்களைப் பெற்று வளர்த்தவரிடம் நாம் எவ்வளவு பணிவுடன் நடக்க வேண்டும்!

அவர் பிரிந்துவிட்டாரா? பயனுள்ள கல்வியும், நிலைத்த தர்மமும், நல்ல பிள்ளைகளின் பிரார்த்தனையும் மரணத்தின் பின்னரும் ஒருவருக்கு நன்மை சேர்க்கும் என நபிமொழி கூறுகிறது. அவருக்காகத் துஆச் செய்யுங்கள். அவர் கற்றுத்தந்ததைப் பிறருக்குக் கற்றுக்கொடுங்கள். இயலுமாயின் உங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர், மகளாயினும் மகனாயினும், அந்த வெள்ளைச் சீருடையை மீண்டும் அணியட்டும். அதைவிடச் சிறந்த நினைவஞ்சலி வேறில்லை.

பிணியாளருக்குப் பணிபுரிந்து நம்மைப் பிரிந்த அனைவரினதும் நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! நம் ஆயுளையும் நற்பணிகளால் நிரப்புவானாக! ஆமீன்.