பேசாப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம்
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பணியைச் செய்து வருகிறது. பட்டம் பெற்றவர்களின் பட்டியல் இம்மலரில் வெளிவருகிறது. அதனைக் கண்டு நானும் மகிழ்கிறேன். ஆயினும் அப்பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத சில பிள்ளைகளைப் பற்றிப் பேசவே நான் இம்மேடைக்கு வந்தேன்.

நான் முப்பதாண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வான். மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். திமிர் என்று எண்ணி நான் அவனை அடித்தேன். அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். நம் தெருப் பிள்ளைதான். பல ஆண்டுகள் கழித்து, என் மகள் வயிற்றுப் பேரன் அதே வண்ணம் காதைப் பொத்தியபோதுதான் நான் செய்தது இன்னதென்று எனக்கு விளங்கிற்று.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். மூளையின் வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு இது. லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-இல் இதனை விரிவாக எழுதினார். தாயின் அன்புக் குறைவே காரணம் என்று பின்னர்ச் சிலர் கூறியது பொய்யென ஒதுக்கப்பட்டுவிட்டது. நம் அரசு ஆவணங்கள் இதனைப் ‘புற உலகச் சிந்தனையற்ற’ நிலை என்று குறிக்கின்றன. இச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. தெருமுனையில் வரும் பேருந்தின் ஒலியை எங்களுக்கு முன்னரே கேட்டுவிடும் என் பேரனுக்குப் புற உலகம் குறைவாகவா இருக்கிறது?

‘முற்பிறவி வினை’ என்று சொன்ன உறவினரும் உண்டு. நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்கள் நம்மைப் பற்றிச் சொன்னதும் இதே சொல்தான். அதனை நம் வீட்டுக் குழந்தையின் மீது நாமே எறியலாமா? பூசாரிக்கும் தாயத்துக்கும் என் மகள் செலவிட்ட ஓராண்டு, பயிற்சிக்குரிய ஓராண்டு. அது வீணாயிற்று.

இனிச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதனை ஏற்றது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 40 விழுக்காடு, அதற்கு மேல் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி உரிமையாகும்.

எனவே முதற்பணி சான்றிதழ். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள தொடக்க நிலை இடையீட்டு மையத்தில் குழந்தையைக் காட்டலாம். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. மதிப்பீட்டுக்குரிய இந்திய அளவுகோலில் 40 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே நின்றால் ஆட்டிசம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். இங்கேதான் எங்கள் வீடு தவறியது. உளவியலாளர் கேட்டபோது என் மகள், “நன்றாகத் தூங்குகிறான், தானே சாப்பிடுகிறான், ஒன்றும் குறையில்லை” என்றாள். நாலு பேர் முன்னே பிள்ளையைத் தாழ்த்திச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? வெறுங்கையோடு திரும்பினோம். அடுத்த முறை இரண்டு மாதக் காலம் நடந்தவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனோம்: எத்தனை இரவுகள் உறங்கவில்லை, எப்போது தன் கையைக் கடித்தான், எந்த உணவைத் தொடவே மறுத்தான் என்றெல்லாம். அந்த நோட்டுதான் எங்களுக்குச் சான்று வாங்கித் தந்தது.

அறிவுசார் குறைபாட்டுக்குத் தமிழக அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2000 ரூபாயாக இருந்தது. ஆட்டிசமுள்ள பிள்ளைகளில் சிலருக்கு அக்குறைபாடும் உடன் இருப்பதுண்டு. ஆகவே இரண்டையும் சோதித்து, இருப்பின் இரண்டையும் எழுதுமாறு கேளுங்கள். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். பயிற்சிச் செலவும் அதில் அடங்கும்.

பள்ளிக்கு வருவோம். பேரனைச் சேர்க்கச் சென்ற இடத்தில், “வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுவழிக் கல்வி இருக்கிறதே” என்றார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அவ்வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை தந்தது. தேர்ந்துகொள்வது நாம், தள்ளிவிடுவதற்குப் பள்ளிக்கு அதில் இடமில்லை. சாத்தாரா பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் கோணிப்பையில் தனியே அமர்த்தப்பட்டதை மேடைதோறும் சொல்லுகிற நாம், நம் பேரப்பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறவர்களிடம் மட்டும் கைகட்டி நிற்பதேன்? நான் மனு எழுதினேன். ‘மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தருக’ என்று ஒரு வரி சேர்த்தேன். மறுவாரம் சேர்க்கை கிடைத்தது.

சேர்ந்த பின்னும் பணி இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. அவர் வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிய வேண்டும். கதவருகே இருக்கை, மணியடிக்குமுன் ஒரு முன்னறிவிப்பு, சொல்லோடு படமும் காட்டுதல் ஆகிய மூன்றையும் ஆசிரியை செய்தார், செலவு ஏதுமில்லை. பேரன் இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வகுப்பில் அமர்கிறான். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

மறுக்கப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனுக் கொடுங்கள். மனு பெற்றதற்கான சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அதற்கு மேல் மாநில ஆணையர் இருக்கிறார்.

கூலிக்குப் போகும் தாய் இத்தனை அலுவலகங்களுக்கு எப்படி அலைவாள்? ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே படித்த இளைஞர்களை வேண்டுகிறேன்: தெருவுக்கு இருவர் வீதம் பெயர் கொடுங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நான் இருப்பேன். இத்தகைய பிள்ளையுள்ளவர்கள் ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், சாதிச் சான்று ஆகியவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் கொண்டு வாருங்கள். நான் அடித்த அந்தச் சிறுவன் இன்று நடுவயதினன்; அவன் அண்ணனிடமும் வரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் இதுவரை சான்றிதழ் இல்லை.