சுக்கானுக்குத் துணைநிற்கும் வலிமை

மோட்டார்க் காரின் சுக்கானைப் பிடித்திருப்பவர் உண்மையில் திருப்புவது, எஞ்சினின் பாரத்தைச் சுமந்துகொண்டு தார் வீதியை அழுத்தி நிற்கும் இரண்டு ரயர்களையாகும். கார் ஓடிக்கொண்டிருக்கையில் இது பெரிய காரியமன்று; உருளும் ரயர் உருண்டவாறே சிறிது சிறிதாகத் திசை மாறிக்கொள்கின்றது. நிற்கும் காரிலோ ரயரின் அடிப்பாகம் வீதியோடு உராய்ந்து அரைபட்டே திரும்ப வேண்டும். சந்தை வாசலில் இரண்டு வண்டிகளுக்கிடையே காரை நுழைக்க முயன்ற பழைய காலத்துச் சாரதியின் சட்டை வியர்வையில் நனைந்தமைக்குக் காரணம் இதுவே.

இச்சிரமத்தைக் குறைக்க முதலிற் கையாண்ட வழி பற்சில்லுகளின் விகிதத்தை மாற்றுவதாகும். சுக்கானைப் பலமுறை சுற்றினால் முன்சில்லு சிறிதளவே திரும்பும்; கைக்குப் பாரம் குறையும். ஆயினும் சுற்றுகள் கூடக்கூட, அவசர வேளையில் வண்டியை விரைந்து திருப்ப இயலாது போகும். பாரமான லொறிகளில் இது பெருந் தொல்லையாயிற்று. அமெரிக்காவில் பியர்ஸ் அரோ கம்பனியின் லொறிப் பிரிவில் எஞ்சினியராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் இதற்கு எண்ணெயின் அமுக்கத்தைத் துணைகொள்ளலாம் என்று கண்டார். 1926 ஆம் ஆண்டிலேயே தமது கருவியைப் பொருத்திய காரை அவர் ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் 1930 களின் பொருளாதார மந்தம் குறுக்கிட்டது; அத்தகைய கருவி முதலிற் பெருமளவில் பயன்பட்டது இரண்டாம் உலக யுத்தத்தின் பாரமான இராணுவ வண்டிகளிலேயாம். பொதுமக்கள் விலைகொடுத்து வாங்கும் காரில் அது இடம்பெற்றது 1951 இல், கிறைஸ்லர் இம்பீரியல் என்னும் காரில். ஒரு நல்ல கருவி கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

பவர் ஸ்டியரிங் என்று வழங்கும் இவ்வமைப்பின் நுட்பம் முழுவதும், சுக்கான் தண்டின் அடியில் உள்ள மெல்லிய உருக்குக் கோல் ஒன்றிலே தங்கியிருக்கின்றது. சாரதி சுக்கானைத் திருப்ப முயல்கின்றார். ரயர்கள் எதிர்த்து நிற்கின்றன. இடையில் அகப்பட்ட கோல் சிறிது முறுகுகின்றது. அந்தச் சிறு முறுக்கே ஒரு வால்வைத் திறந்துவிடுகின்றது. எஞ்சினின் சுழற்சியினால், பெல்ட் ஒன்றின் வழியாக ஓடும் பம்பி அனுப்புகின்ற எண்ணெய், அவ்வால்வினூடே சென்று பிஸ்டனின் ஒரு பக்கத்தைத் தள்ளுகின்றது. மறுபக்கத்து எண்ணெய் பாத்திரத்துக்குத் திரும்புகின்றது. பிஸ்டனோடு இணைந்த பற்சட்டம் நகர்ந்து சில்லுகளைத் திருப்புகின்றது. கை ஓய்ந்தவுடன் கோல் நிமிரும்; வால்வு நடுநிலைக்கு வரும்; உதவியும் நின்றுவிடும். நேர்வீதியில் எண்ணெய் பெரும்பாலும் வேலையின்றிச் சுற்றிவருவதோடு சரி. காரை நிறுத்துமிடத்திலோ அதன் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தலையுங் கடந்துவிடும். ரயருக்குள் இருக்கும் காற்றின் அமுக்கம் ஏறக்குறைய 30 இறாத்தலே என்பதை ஒப்பிட்டால் இதன் கடுமை விளங்கும்.

இங்கே சாரதிகள் யாவரும் அறியவேண்டிய ஒன்றுண்டு. எண்ணெயின் உதவி நின்றுபோனாலும் சுக்கானுக்கும் சில்லுகளுக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்துவிடுவதில்லை. கோல் ஓரளவுக்கு மேல் முறுகாதபடி தடை வைக்கப்பட்டிருக்கின்றது. அதன்பின் கையின் வலிமை நேரே பற்சில்லுக்குச் செல்லும். சுக்கான் திடீரெனக் கனக்கும், ஆயினும் திரும்பும். இதை அறியாதவர் சுக்கான் இறுகிவிட்டதென்று கலங்கி, முயற்சியைக் கைவிட்டு, வளைவை விட்டு விலகிவிடுகின்றார். இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து இழுத்து, வேகத்தைத் தணித்து, ஓரமாக நிறுத்துவதே அப்போது செய்யத்தக்கது.

கடுகண்ணாவைச் சரிவு போன்ற மலைவீதிகளில் இறங்கும்போது, பெற்றோலை மிச்சம் பிடிக்கலாம் என்று எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடுவது எத்துணை ஆபத்தானது என்பதும் இதனால் விளங்கும். பம்பி நின்றுவிடும். பிறேக்குக்கு உதவும் வெற்றிட அமைப்பும் சில மிதிப்புகளோடு வலிமை இழக்கும். திறப்பையும் வெளியே எடுத்துவிட்டாலோ, பல கார்களிற் களவைத் தடுக்க வைத்துள்ள பூட்டு விழுந்து சுக்கான் மெய்யாகவே இறுகிவிடும். இத்தனைக்கும் இலாபம் மிகச் சொற்பம். எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் இக்காலத்து எஞ்சின்கள், கியரில் இறங்கும்போது அதனைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன.

பழுதுகளைப் பொறுத்தவரை, இக்கருவி பெரும்பாலும் முன்னறிவித்தல் கொடுத்தே கெடுகின்றது. செவியும் கண்ணும் வேண்டும், அவ்வளவே. சுக்கானைத் திருப்பும்போது முனகுவது போன்ற ஓசை கேட்டால், எண்ணெய் குறைந்து பம்பி காற்றை உறிஞ்சுகின்றது என்று முதலிற் சந்தேகிக்கலாம். பாத்திரத்து எண்ணெய் நுரைத்திருப்பின் சந்தேகம் உறுதியாகும். கீச்சென்ற கூரிய ஓசையாயின் பெல்ட் தளர்ந்து வழுக்குகின்றது. இவ்விரண்டையும் பாராமலே பம்பியைக் கழற்றச் சொல்லும் கராஜ்களும் இல்லாமலில்லை. பணம் கொடுப்பவர் பெல்ட்டையும் எண்ணெயையும் ரயர்க் காற்றையும் முதலிற் பார்க்கும்படி கேட்பது குற்றமாகாது. காற்றுக் குறைந்த ரயரும் சுக்கானைக் கனக்கச் செய்யும்.

எண்ணெய் தானாகத் தீர்ந்துபோகும் பொருளன்று. குறைந்தால் எங்கோ ஒழுகுகின்றது என்பது பொருள். அமுக்கம் மிகுந்த குழாயின் பொருத்துகளிலும், பற்சட்டத்தின் இரு முனைகளிலுள்ள இறப்பர் உறைகளுக்குள்ளும் தேட வேண்டும். உறைக்குள் எண்ணெய் தேங்கியிருப்பின் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது. ஒழுக்கை அடைக்காமல் வாரந்தோறும் ஊற்றிக்கொண்டிருப்பது சிக்கனம்போற் தோன்றும். சூடான புகைக்குழாயின்மேல் அது சொட்டினால் தீப்பற்றவுங் கூடும். கைக்கு அகப்பட்ட எண்ணெயை ஊற்றுவது அதனினும் தீது. பிறேக் எண்ணெய் உள்ளே புகுந்தால் சீல்கள் பழுதடைந்து, முழு அமைப்பையும் மாற்ற நேரும். அன்றியும், சுக்கானை முற்றத் திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்திருக்கும் வழக்கத்தைச் சாரதிகள் விட்டுவிடுதல் நலம். அந்நிலையில் எண்ணெய் போக்கிடமின்றிச் சூடேறிப் பம்பியை வாட்டுகின்றது.

ஜப்பானில் 1988 இல் சுசுக்கி சேர்வோ என்னும் சிறு காரில் மின்மோட்டார் எண்ணெயின் இடத்தைப் பிடித்தது. இன்று புதிய கார்களிற் பெரும்பாலானவை அவ்வகையே. முறுகும் கோல் மட்டும் மாறவில்லை. அதன் முறுக்கை மின்கருவி அளந்து மோட்டாருக்குக் கட்டளையிடுகின்றது. பெல்ட்டும் இல்லை, ஒழுக்கும் இல்லை. ஆயினும் பற்றறி நலிந்தாலும், அதன் முனைகள் தளர்ந்தோ பாசிபிடித்தோ இருந்தாலும் சுக்கான் கனத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். விலையுயர்ந்த பற்சட்டத்தை மாற்றுமுன் அம்முனைகளைத் துலக்கி இறுக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நெருக்கடியான இடத்தில் நின்றபடியே பலமுறை திருப்பினால் மோட்டார் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. அது பழுதன்று; ஆறியபின் உதவி முன்போல் மீளும்.