கணக்குப் பரீட்சை யாருக்குச் சுலபம்?

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை கணக்கைப் பற்றிப் பேசு என்று சொல்லிவிட்டார்கள். வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறவன், நாள் முழுக்க எண்களோடு மாரடிக்கிறவன் என்பதால் இருக்கலாம். நல்லதுதான். நம் ஆட்கள் கவிதையைவிடக் கணக்கைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு மே மாதமும் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஒரு பேச்சு கிளம்பும். 'கணக்குப் பரீட்சையெல்லாம் இப்ப ரொம்ப சுலபமாயிடுச்சு சார், யார் வேணும்னாலும் பாஸ் பண்ணிடறான்.' டீக்கடையில் இதைக் கேட்கலாம், ஆசிரியர் அறையில் கேட்கலாம், எங்கள் வங்கிக் கவுண்டருக்கு உள்ளேயும் கேட்கலாம். கூடவே 'அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.ன்னா சும்மாவா' என்ற பெருமூச்சும் வரும். அந்தக் காலம் என்பது எந்தக் காலம்? நம் தாத்தா பள்ளிக்கூட வாசலைப் பார்க்காத காலம். 'யார் வேண்டுமானாலும்' என்கிறார்களே, அந்த 'யார்' நாம்தான். பேர் சொல்லாமல் சொல்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நமக்குக் கோபம் வருகிறது. வரவேண்டியதுதான். ஆனால் கோபத்தோடு நிறுத்திவிட்டால், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா என்று பார்க்காமலே விட்டுவிடுவோம். கொஞ்சம் பார்ப்போம்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 2023இல் 3,649 பேர். 2024இல் 20,691 பேர். 2025இல் 1,996 பேர். ஒரே வருஷத்தில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறி, அடுத்த வருஷம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. பிள்ளைகளின் மூளை வருஷத்துக்கு வருஷம் இப்படி வீங்கிச் சுருங்குமா? வினாத்தாள்தான் மாறியது. ஆக, 2024இல் தாள் சுலபம், 2025இல் கடினம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தத் தேர்ச்சி விழுந்திருக்க வேண்டாமா? விழவில்லை. எல்லாப் பாடமும் சேர்த்த தேர்ச்சி 2024இல் 91.55 சதவீதம், 2025இல் 93.80. உச்சியில் இருப்பவனுக்குத் தாள் இறுகியது. அடியில் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். மொத்தம் நூறு மதிப்பெண். ஒரு மார்க் கேள்வி பதினான்கு. இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் பத்து எழுதவேண்டும். கடைசியில் எட்டு மார்க் இரண்டு, ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். பாஸ் மார்க் 35. இப்போது கூட்டிப் பாருங்கள். இரண்டு எட்டு, பதினாறு. ஒரு மார்க் பதினான்கு. முப்பது ஆகிவிட்டது. மூன்று இரண்டு மார்க்கைச் சேர்த்தால் 36. ஐந்து மார்க் கணக்கு ஒன்றைக்கூடத் தொடாமல் ஒரு பிள்ளை கரையேறிவிடலாம். பள்ளிக்கூடங்களில் இதை எல்லோரும் அறிவார்கள். தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியருக்கு இது நன்றாகவே தெரியும்.

அதனால் என்ன செய்கிறார்கள்? அரையாண்டு முடிந்ததும் வகுப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்குப் பெயர் 'மெல்லக் கற்போர்'. அவர்களுக்கென்று தனியாக ஒரு கையேடு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சேரியில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேல் பள்ளியில் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இவர்களா மெல்லக் கற்கிறவர்கள்? சினிமாப் பாட்டை ஒரே நாளில் மனப்பாடம் செய்கிறார்கள், கிரிக்கெட்டில் இன்னும் எத்தனை பந்துக்கு எத்தனை ஓட்டம் என்று வாயாலேயே சொல்கிறார்கள். இவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதை, இவர்கள் மெல்லக் கற்கிறார்கள் என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். குற்றம் எவ்வளவு லேசாக இடம் மாறுகிறது பாருங்கள்.

ஒரு பெண் பிள்ளை, பத்தாவது. இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தை அச்சுப்போல் வரைகிறாள். அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளிகள், வளைவு, எல்லாம் சுத்தம். எட்டுக்கு எட்டு. 'சரிம்மா, இந்தக் கோடு கீழ இருக்கிற கோட்டை வெட்டுதே, அது என்ன?' என்று கேட்டேன். 'அத எழுதத் தேவையில்லண்ணா, தீர்வுன்னு போட்டு ரெண்டு நம்பர் எழுதினா போதும்' என்றாள். அந்த இரண்டு எண்களை எக்ஸுக்குப் பதிலாகப் போட்டுப் பார் என்றேன். போட்டாள். இரண்டு தடவையும் பூஜ்யம் வந்தது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'இத ஏண்ணா யாரும் சொல்லல?' என்றாள். அந்தக் கேள்விக்கு அடுத்த பத்து நிமிஷத்தில் அவளே வேறொரு சமன்பாட்டுக்குத் தீர்வைக் கணித்து, சரியா என்று அவளே சோதித்தாள். பட்டியலில் அவள் பெயர் இன்னும் 'மெல்லக் கற்போர்' வரிசையில்தான் இருக்கிறது.

ஆக, சுலபம் என்று சொல்கிறவர்களுக்கும் நமக்கும் உள்ள சண்டை வேறு. அவர்கள் 'தேர்வைக் கடினமாக்கு, வடிகட்டு' என்கிறார்கள். இந்தப் பல்லவி புதிதில்லை. 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழக மசோதா விவாதத்துக்கு வந்தபோதே அண்ணல் அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். பரீட்சை வேறு, கல்வி வேறு. தரத்தை உயர்த்துகிறோம் என்று சொல்லிப் பரீட்சையைக் கடுமையாக்குவது பிற்படுத்தப்பட்டவர்களை வெளியே நிறுத்தும் வேலை என்ற பொருளில் பேசினார். அதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. 1907இல் மெட்ரிகுலேஷனில் அவர் வாங்கியது 750க்கு 282. சதவீதம் போட்டால் 37.6. நம் ஊர் மொழியில் 'பார்டர் பாஸ்'. அந்தப் பார்டர் பாஸ் ஆள்தான் 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார்.

அவர் பள்ளியில் நடந்த இன்னொன்றை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட ஆசிரியர் அவரைக் கூப்பிட்டார். பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. தீட்டுப்பட்டுவிடும் என்று கூச்சல்போட்டு, அவர் பலகையை நெருங்குவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை அப்புறப்படுத்தினார்கள். அந்தக் கணக்கு எளிதா கடினமா என்று யாராவது கேட்டார்களா? கணக்குக்கும் நமக்கும் இடையில் இருந்தது கணக்கின் கஷ்டம் அல்ல.

நம் ஊரிலும் அப்படித்தான். நெல்லை அளந்தவன் கை நம்முடையது. எத்தனை மரக்கால் என்று எழுதிய கை கணக்குப்பிள்ளையுடையது. பரம்பரையாக வந்த அந்தக் கிராமப் பதவிகளை 1980இல்தான் தமிழ்நாடு அரசு ஒழித்தது. நேற்று நடந்தது போலத்தான். எழுதிவைத்த கடனைச் சரிபார்க்கத் தெரியாததால் தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள் நாம். இன்றைக்கும் என் கவுண்டருக்கு வரும் பெண்கள் குழுக்கடன் அட்டையைக் காட்டி, 'பன்னண்டு பர்சன்ட்தான் தம்பி' என்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு வருஷத்துக்கு 1,200 வட்டி என்று மொத்தமாகச் சேர்த்து, 11,200ஐப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்துக் கட்டச் சொல்கிறார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கு. குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதைக் கண்டுபிடிக்கிற கணக்கு அந்த அக்காவுக்கும் தெரியவில்லை, பத்தாவது பாஸான அவர் மகனுக்கும் தெரியவில்லை. சுலபமான பரீட்சையால் யாருக்கு லாபம் என்று இப்போது யோசியுங்கள்.

பள்ளி வாசலில் இருந்த காவல்காரனை எடுத்துவிட்டார்கள். அவன் வேலையை விட்டுப் போகவில்லை, அடுத்த வாசலில் போய் நின்றுகொண்டான். தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை 2006ஆம் வருடச் சட்டத்தால் தமிழ்நாடு ஒழித்தது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் பொறியியலுக்குள் நுழைந்தார்கள். பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் முதல் வருஷக் கணிதத் தாளில் அரியர், அடுத்தது அரியர், படிப்பு முடிந்தும் அந்த ஒரு தாள் பாக்கி. கல்விக்கடன் தவணை மட்டும் பாக்கி வைக்க முடியாது. அந்த நோட்டீஸை அச்சிட்டு மடித்து உறையில் போடுகிறவன் நான். விலாசத்தைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடுகிறது. வங்கி எழுத்தர் தேர்வுக்கு வாருங்கள். முதல்நிலையில் எண்கணிதம் 35 கேள்வி, நேரம் 20 நிமிஷம். ஒரு கணக்குக்கு 34 விநாடி. தப்பாகப் போட்டால் கால் மார்க் போகும். அங்கே வரைபடமும் இல்லை, எட்டு மார்க்கும் இல்லை. நீட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை, 2017இலிருந்து நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொரு சுலபமும் வருகிறது, அதையும் கவனிக்க வேண்டும். மத்திய வாரியம் 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தை இரண்டாக்கியது. ஒன்று 'ஸ்டாண்டர்ட்', இன்னொன்று 'பேசிக்'. பேசிக் எழுதியவர் மேல்வகுப்பில் கணிதம் எடுக்க முடியாது என்பதுதான் முதலில் போட்ட விதி. பிறகு தளர்த்தினார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கணிதத்தில் தொடங்கி எல்லாப் பாடங்களையும் இப்படி இரண்டு தரத்தில் வைக்கலாம் என்கிறது. பிள்ளையின் விருப்பம் என்றுதான் சொல்வார்கள். மெல்லக் கற்போர் பட்டியல் போட்டவர்களுக்கு, யாருக்கு எது விருப்பம் என்று எழுதிக்கொள்வது பெரிய சிரமமா?

அதனால் நாம் 'பரீட்சை கடினமாகத்தான் இருக்கிறது' என்று வாதாடப் போக வேண்டாம். சுலபம்தான் என்று ஒப்புக்கொண்டே பேசலாம். முப்பத்தைந்து மார்க்கில் எங்களை நிறுத்திவைக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று கேட்கலாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் கணித ஆசிரியர் எத்தனை இடம் காலி, எவ்வளவு நாளாகக் காலி என்று இங்கே இருக்கும் மாணவர்கள் மாவட்டம் மாவட்டமாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். தேர்ச்சி விகிதத்தைக் கேட்காதீர்கள், அதை அவர்களே அழகாகத் தந்துவிடுவார்கள். எத்தனை பேர் கணிதப் பிரிவில் பதினொன்று சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள்.

மாலைநேர வகுப்பு நடத்துகிற தோழர்களுக்கு ஒன்று. வினாத்தாளில் 42ஆவது கேள்வி கட்டாயக் கேள்வி, ஐந்து மார்க். பெரும்பாலும் புத்தகத்தில் அப்படியே இருக்காது. பள்ளியில் நம் பிள்ளைகளிடம் 'அத விட்டுடு' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் அதிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய தாள்களில் இருக்கும் அந்தக் கேள்விகளை மட்டும் தொகுத்துக்கொண்டிருக்கிறேன், வெளியே மேசையில் கொஞ்சம் பிரதிகள் இருக்கின்றன. ஜெராக்ஸ் செலவை யாராவது பகிர்ந்துகொண்டால் நல்லது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.