புதிய குடியிருப்பும் கழிவுநீர்க் குழாயும்: செலவு யாரைச் சேர்ந்தது?



நகரத்தின் எல்லைப்புறத்திலே ஒரு பெருங்காணி துண்டு துண்டாகப் பிரிக்கப்படுகின்றது. வீதி வெட்டப்படுகின்றது, மின்கம்பங்கள் நாட்டப்படுகின்றன, மதில்கள் எழுகின்றன. காணி வாங்க வருவோர் உறுதியைப் பார்ப்பர். வீதியின் அகலத்தை அளப்பர். குடிநீர் உண்டா என வினவுவர். அந்த நீர் பயன்பட்டபின் எங்கே செல்லும் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் அவ்வினாவுக்கு விடை காண யாரேனும் ஒருவர் பணம் செலுத்தியே ஆகவேண்டும். அவர் காணியைப் பிரித்து விற்பவரா, வீட்டை வாங்குபவரா, ஏற்கெனவே அந்நகரில் வாழ்ந்து வரி இறுப்பவரா, அன்றி அரசாங்கமா?

இலண்டன் மாநகரம் இவ்வினாவை முன்னரே எதிர்நோக்கியது. 1858 ஆம் ஆண்டுக் கோடையிலே தேம்சு நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தையே தாக்கியது. அவ்வாண்டிலேயே முப்பது இலட்சம் பவுண் கடன்பெற அனுமதி வழங்கப்பட்டது. யோசேப் பசல்கெற் என்னும் பொறியியலாளர் அமைத்த பெருங்குழாய்களுக்கான கடன், நகர மக்களின் வரியினால் அடைக்கப்பட்டது. வாந்திபேதி செல்வர் வீடு, வறியவர் குடிசை என்று பார்த்து வருவதன்று. ஆதலின் நகரம் முழுவதும் செலவைச் சுமந்தது நியாயமே.

ஆனால், ஒரு நகரத்தை நோயினின்றும் காப்பது வேறு. ஒருவர் இலாபங் கருதி அமைக்கும் புதிய குடியிருப்புக்குக் குழாயை நீட்டுவது வேறு. இங்கிலாந்தின் 1991 ஆம் ஆண்டு நீர்த்தொழிற் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்தது. வீடு கட்டுவோர் தம் காணிவரை பொதுக்குழாயை நீட்டுமாறு கோரும் உரிமை உடையர். ஆனால் அதற்கான செலவுக்கு அவர்களே பொறுப்பேற்றல் வேண்டும்.

அமெரிக்காவிலோ 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணிகளின் செலவில் நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசாங்கமே கொடுத்தது. 1987 ஆம் ஆண்டில் அந்நன்கொடை முறையை ஒழித்து, கடன் கொடுக்கும் முறைக்கு மாற வழி செய்யப்பட்டது. இதற்கிடையில், 1978 ஆம் ஆண்டிலே கலிபோர்ணிய மக்கள் வாக்களித்துத் தங்கள் ஆதன வரிக்கு எல்லை வகுத்தனர். வரி குறைந்தது, தேவை குறையவில்லை. ஆகவே அங்குள்ள நகரங்கள் புதிய வீடுகளின்மீது கட்டணம் விதிக்கும் வழியை மேலும் மேலும் நாடின. பழைய குடிகள் நீக்கிக்கொண்ட பாரம் புதிய குடிகளின் தலையில் ஏறியது.

காணி விற்பவரே கொடுக்கட்டும் என்று கூறுவது எளிது. ஆனால் அவர் கொடுப்பது வீட்டின் விலையிற் சேர்ந்துவிடும். இறுதியிற் சுமப்பவர் பெரும்பாலும் வங்கிக் கடன்பெற்று வீடு வாங்கும் குடும்பத்தவரே. மற்றுமோர் இடரும் உண்டு. ஒரு குடியிருப்பில் 30 வீடுகள் உள்ளன என்றும், அதுவரை குழாயை நீட்ட 3 கோடி ரூபா செல்லும் என்றும் கொள்க. வீடொன்றுக்குப் 10 இலட்சம் ரூபா ஆகின்றது. சில ஆண்டுகளின் பின் அதே குழாயின் வழியிலே மேலும் 70 வீடுகள் எழுந்து இணைந்துகொள்கின்றன. நூறு வீடுகளும் பகிர்ந்திருப்பின் தலைக்கு 3 இலட்சமே ஆகியிருக்கும். முன்வந்தவர் முழுவதும் கொடுக்க, பின்வந்தவர் இலவசமாகப் பயன் துய்ப்பது நீதியாகுமா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1959 ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. பின்வருவோரிடம் உரிய பங்கை அறவிட்டு, முதலிற் செலவிட்டவருக்குத் திருப்பிக் கொடுக்க அச்சட்டம் வழிசெய்கின்றது.

நமது நாட்டின் நிலை யாது? கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. அன்று தனிவீடுகள் நின்ற காணிகளிலே இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. ஏனைய ஊர்களிற் பெரும்பாலானவற்றில் வீட்டு வளவிலுள்ள மலசலகூடக் குழியே கதி. குழாய் இல்லாத இடத்திற் செலவும் இல்லை என்று எண்ணுதல் பெரும் பிழை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மழைநீர் இறங்கும் அதே வழியாலே குழியின் கழிவும் இறங்குகின்றது. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைக் கடந்துள்ளமை ஆய்வுகளிற் கண்ட உண்மை. தோட்டங்களுக்கு இடும் உரமும் இதற்குக் காரணமாயினும், குழிகளின் பங்கை மறுத்தல் இயலாது. கைக்குழந்தைகளுக்கு இது பெருங்கேடு. பத்துப் பரப்புக் காணியில் ஒரு வீடு இருந்த காலம் வேறு. அதே காணியிற் பத்து வீடுகள் நெருங்கும் காலம் வேறு. குழாய்க்கு யாரும் பணம் கொடாதவிடத்து, அயல்வீட்டுக் கிணறு அக்கடனை இறுக்கின்றது.

ஆதலின் செலவைப் பகுத்து நோக்குதலே முறை. குடியிருப்பின் உள்ளே இடும் குழாய்கள் காணியைப் பிரிப்பவரின் பொறுப்பு. அவற்றை நகரத்தின் பெருங்குழாயோடு இணைக்கும் குழாயின் செலவை, இன்று வருவோரும் நாளை வருவோரும் பங்கிட வேண்டும். நீரேற்று நிலையமும் சுத்திகரிப்பு நிலையமும் ஊர் முழுவதற்கும் உரியன. அவற்றை நீண்டகாலக் கடன் கொண்டு அமைத்து, பயனடையும் தலைமுறையினர் சிறுகச் சிறுக அடைத்தல் தகும். வறியவர் இணைப்புக்குப் பொது நிதி கைகொடுத்தல் வேண்டும். அவர் வீட்டில் நோய் தோன்றின் அது அவர் வீட்டோடு நில்லாது.

இப்பங்கீடு யாவும் காணி விற்பனையாகுமுன் எழுத்தில் அமைதல் இன்றியமையாதது. வீடுகள் எழுந்தபின் பொறுப்பாளியைத் தேடினால், விற்றவர் போய்விட்டிருப்பார். வாங்கியவர் கையில் உறுதியும் வளவில் ஒரு குழியுமே எஞ்சும். காணி வாங்கச் செல்வோர் வீதியையும் விளக்கையும் பார்த்தபின், கழிவுநீர் எங்கே செல்லும், அதற்கு யார் பணம் கொடுத்தார் என்ற இரண்டு வினாக்களையும் கேட்டறிவார்களாக.