விதை உருண்டையும் வண்டினமும்



கோலார் தங்கவயலை அறிந்தவர் எவரும் அவ்வூரின் சயனைடு மேடுகளை மறந்திருக்கமாட்டார். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத்தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற நம்மவர், சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை வெட்டினர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் வெளியே சென்றது. பொன்னைப் பிரித்த பாறைத்தூள் மேடுகளாய் எஞ்சியது. காற்றுக் காலத்தில் அத்தூள் இன்றும் குடியிருப்புகளின்மேல் படிகிறது.

அம்மேடுகளைச் சீர்செய்தல் அரசும் அறிஞரும் ஆற்றவேண்டிய பெரும்பணி. ஆயினும் வேலியோரத்திலும் வீட்டுப்புறத்திலும் நாமே செய்யத்தக்க சிறுபணி ஒன்றுண்டு. காட்டுப்பூ விதைகளைக் களிமண்ணில் உருட்டி இடுதலே அது. பழைய இம்முறைக்கு நம் காலத்தில் புத்துயிர் அளித்தவர் ஜப்பானிய உழவர் மசனோபு புகுவோகா (1913–2008).

காட்டுப்பூவால் பயன் என்ன என்று கேட்பீர்கள். கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பெயர்பெற்றது. தக்காளிப் பூவின் மகரந்தம் சிறு குழலுக்குள் அடைபட்டிருக்கும். காற்று அசைத்தால் ஓரளவு உதிரும். வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்தால் நன்கு உதிர்ந்து காய் திரளும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. வயிற்றில் நீலப்பட்டையுடைய காட்டுத்தேனீயும், உலர்ந்த மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும் இதில் வல்லவை. ஆவாரம்பூவும் இவ்வாறே அதிர்த்தால்தான் மகரந்தம் தரும். தக்காளி பூக்காத நாளில் அவ்வண்டுகளுக்கு உணவளிப்பவை ஆவாரையும், தும்பையும், கொழுஞ்சியும் அன்றோ? வேலியோரத்தை வெறுமையாக்கினால் வயலும் நலிவுறும்.

இனிச் செய்முறை. களிமண் ஐந்து பங்கு, மக்கிய எரு மூன்று பங்கு, விதை ஒரு பங்கு கொள்க. ஆவாரை விதையின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்தபின் கலக்கவேண்டும். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்துக. எறும்பும் பறவையும் விதையைக் கவராதவாறு களிமண் காக்கும். மழை தொடங்குங்காலத்தில் இட்டால், மண் கரைந்து முளை எழும்.

சில எச்சரிக்கைகள். மேட்டின் தூளைக் களிமண்ணென்று கருதி எடுத்தல் ஆகாது. அது ஆலைக் கழிவு. குழந்தைகளை அங்கு அனுப்பவும் வேண்டா. உண்ணிச்செடி, பார்த்தீனியம் ஆகியவற்றின் விதை கலவாதிருத்தல் வேண்டும். இட்டவையெல்லாம் முளைக்கும் என்றும் எண்ணற்க. இறுகிய தரையைச் சற்றே கிளறி இடுவது நலம். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளைதோண்டி வாழ்வது. ஆகவே முற்றம் முழுதும் சிமெண்டு பூசாமல் சிறிது மண்தரையை விட்டுவைக்க வேண்டும்.

தங்கவயலில் மட்டுமன்று; பெங்களூரிலோ பம்பாயிலோ வாழும் தமிழரும் அவ்வவ்விடத்துக் காட்டுப்பூக்களைத் தேர்ந்து இதனைச் செய்யலாம். பிழைக்க வந்த மண்ணிலிருந்து நம் முன்னோர் பொன்னை எடுத்துக் கொடுத்தனர். அம்மண்ணுக்கு நாம் ஒரு பிடி விதையேனும் கொடுப்போமாக.