வீட்டு பீருக்கு முதல் கெக்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிப் போடலாம்?

வீட்டுல பீர் காய்ச்சறதைப் பத்தி பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான்: "ப்ரோ, பாட்டில் கழுவி மாளல. கெக்குக்கு மாறலாமா? மாறினா முதல்ல என்ன வாங்கணும்?" இன்னைக்கு அது மட்டும்தான் பேசப் போறோம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சட்டத்தைச் சொல்லிடறேன். நான் பேசறது அமெரிக்காவை வச்சு. இங்க 1978-ல கையெழுத்தான சட்டத்துக்கு அப்புறம், வீட்டுத் தேவைக்கு பீர் காய்ச்ச மத்திய அரசு அனுமதிக்குது. வயசு வந்த ஒருத்தர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேர் இருந்தா 200. விக்கக் கூடாது. மாநிலங்கள்ல கடைசியா வழிவிட்டது மிசிசிப்பியும் அலபாமாவும், 2013-ல. தமிழ்நாட்டுல வீட்டுல பீர் காய்ச்சறது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்க இருந்து கேக்கறவங்க இதே செட்டப்புல பன்னீர் சோடா போட்டுக்கலாம். கிண்டல் இல்லை, நிஜமாவே நல்லா வரும்.

சரி, கெக் எதுக்கு? வழக்கமான ஒரு பேட்ச் 5 கேலன், அதாவது 19 லிட்டர். 12 அவுன்ஸ் பாட்டில்ல ஊத்தினா ஐம்பதைத் தாண்டும். ஒவ்வொண்ணையும் கழுவணும், கிருமி நீக்கணும், மூடி அடிக்கணும். அதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. பாட்டில்ல கேஸ் வர சர்க்கரை போடறோம். ஈஸ்ட் அதைச் சாப்பிட்டு கேஸ் விடும். நொதிக்கிறது முடியறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு மூடிட்டாலோ, சர்க்கரை கூடிட்டாலோ, பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு பறக்கும். கெக்குல அழுத்தத்தை நீங்க வெளியில இருந்து ரெகுலேட்டர்ல வைக்கிறீங்க, கூடவே ரிலீஃப் வால்வும் இருக்கு. ஹாப்ஸ் தூக்கலா இருக்கிற ஐபிஏ மாதிரி பீர்களுக்கு இன்னொரு லாபம், ஆக்சிஜன் படறது ரொம்பக் குறையும்.

ஆனா வருஷத்துக்கு ரெண்டே தடவை காய்ச்சறவங்க, பாதியை நண்பர்களுக்குக் கொடுத்து அனுப்பறவங்க, பாட்டிலோடவே இருங்க. கெக்கைத் தூக்கிட்டு யார் வீட்டுக்கும் போக முடியாது. நிரம்பினா 23 கிலோ வரும்.

இப்போ கெக். வாங்க வேண்டியது கார்னி கெக். கார்னிலியஸ்ங்கற கம்பெனி பேருல இருந்து வந்தது. இது பீருக்காகப் பிறந்ததே இல்லை, கூல்டிரிங்க் சிரப்புக்காகச் செஞ்சது. கூல்டிரிங்க் கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள்ள பை வைக்கிற முறைக்கு மாறினதும், இந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெக்குகள் குவியல் குவியலா மிஞ்சிப் போச்சு. வீட்டுல காய்ச்சறவங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பெப்சி பயன்படுத்தினது பால் லாக், கோக் பயன்படுத்தினது பின் லாக். பின் லாக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் குண்டு. ஃப்ரிட்ஜோட உயரம் இடிச்சா ஒழிய பால் லாக்கே எடுங்க, பாகங்கள் சுலபமா கிடைக்கும். ரெண்டையும் கலக்காதீங்க, மாட்டற கனெக்டர் வேற வேற.

இந்த மூடியைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நீள்வட்ட மூடியை உள்ள நுழைச்சு, திருப்பி, மேல இழுத்துப் பிடிக்கணும். உள்ள இருக்கிற கேஸ்தான் அதை ரப்பர் வளையத்தோட அழுத்தி மூடும். கோலி சோடா ஞாபகம் இருக்கா? அதே தத்துவம். கேஸ் கோலியை மேல தள்ளி வளையத்துல ஒட்ட வைக்குது. கேஸ் இருக்கிற வரைக்கும் திறக்காது. இங்கயும் அதுதான், அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறக்கவே முடியாது. முதல்ல ரிலீஃப் வால்வை இழுத்து கேஸை விடணும். அழுத்தம் குறைவா இருந்தா பழைய மூடி சரியா உட்காராம கசியும். மூடின உடனே 30 பிஎஸ்ஐ கொடுத்து உட்கார வச்சிட்டு அப்புறம் குறைக்கறது இதனாலதான்.

பழைய கெக் வாங்கினா, ரப்பர் வளையங்கள் எல்லாத்தையும் முதல் நாளே மாத்திடுங்க. சில டாலர்தான். மாத்தலைன்னா ரூட் பீர் வாசனை உங்க பீர்ல வரும். குக்கர் கேஸ்கெட் மாதிரிதான், அது பழசானா மத்ததெல்லாம் புதுசா இருந்து பிரயோஜனமில்லை. பீர் கம்பெனிகளோட பெரிய கெக்கை யாராவது மலிவா விக்கிறாங்கன்னா வேண்டாம். கடையில கட்டின டெபாசிட் அதோட விலை இல்லை. கெக் அந்தக் கம்பெனியோட சொத்து.

அடுத்து சிலிண்டர். 5 பவுண்ட் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஆரம்பத்துக்குச் சரி. ஒரு கெக்கை கேஸ் ஏத்தி, காலியாகற வரைக்கும் ஊத்தி முடிக்க, காத்தை வெளியேத்தற செலவையும் சேர்த்தா அரை பவுண்டை ஒட்டி வரும். கசிவு, அவசரம் எல்லாம் கழிச்சாலும் ஆறேழு கெக் தாராளம்.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர் கடையில போய்க் கேளுங்க: நிரப்பித் தருவீங்களா, மாத்தித் தருவீங்களா? ரொம்ப இடத்துல மாத்தித்தான் தருவாங்க, நம்ம ஊர் கேஸ் ஏஜென்சி மாதிரி. நீங்க ஆசையா வாங்கின பளபளா அலுமினிய சிலிண்டரை வாங்கி வச்சுக்கிட்டு, அடி வாங்கின ஒண்ணைக் கொடுப்பாங்க. அப்படிப்பட்ட ஊர்ல புதுசு வாங்கறது வீண். நிரப்பித் தர்ற கடைன்னா, சிலிண்டர் மேல பொறிச்சிருக்கிற சோதனை தேதியைப் பாருங்க. ஐந்து வருஷத்துக்கு ஒருதடவை நீரழுத்த சோதனை செய்யணும். தேதி முடிஞ்சிருந்தா நிரப்ப மாட்டாங்க.

ரெகுலேட்டர்ல ரெண்டு மீட்டர் இருக்கும். ஒண்ணு கெக்குக்குப் போற அழுத்தம், இதுதான் வேலைக்கு. இன்னொண்ணு சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தம். அதைப் பார்த்து கேஸ் எவ்வளவு மீதின்னு கணக்குப் போடாதீங்க. உள்ள இருக்கிறது திரவம். திரவம் ஒரு சொட்டு மிஞ்சி இருக்கிற வரைக்கும் முள்ளு அசையாது, அறை வெப்பத்துல 800 பிஎஸ்ஐக்கு மேலயே நிக்கும், கடைசியில ஒரே அடியா விழும். எப்பவும் 100 சதவீதம் காட்டிட்டு திடீர்னு அணைஞ்சு போற பழைய ஃபோன் மாதிரி. வீட்டுல அம்மா ஈரத்துணியைச் சிலிண்டர் மேல சுத்தி எதுவரைக்கும் காயுதுன்னு பார்ப்பாங்க இல்ல? அவங்க இந்த மீட்டரை நம்பியிருக்க மாட்டாங்க. நாம தராசுல வச்சுப் பார்த்துடலாம். காலி எடை சிலிண்டர் மேலயே பொறிச்சிருக்கும்.

இப்போ கொஞ்சம் சீரியஸா. நம்ம கேக்கறவங்க நிறைய பேர் ஒன் பெட்ரூம் அபார்ட்மெண்ட்டுல இருக்கோம். "ஃப்ரிட்ஜை பெட்ரூம்ல வைக்கலாமா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 பவுண்ட்னா 2.27 கிலோ. அது முழுக்க வாயுவா வெளிய வந்தா கிட்டத்தட்ட 1250 லிட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம், எட்டடி உயரம், மொத்தம் சுமார் 27,000 லிட்டர். கதவு ஜன்னல் மூடியிருந்து எல்லாம் ஒரே மூச்சுல கசிஞ்சா, அறைக் காத்துல நாலரை சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அமெரிக்காவோட தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் உயிருக்கு உடனடி ஆபத்துன்னு குறிச்சிருக்கிற அளவு 4 சதவீதம். நிஜத்துல கசிவு மெதுவா இருக்கும், கதவிடுக்குல கொஞ்சம் போயிடும். இருந்தாலும் தூங்கற ரூம்ல இந்தக் கணக்கோட விளையாட வேண்டாம். நிறம் கிடையாது, காத்தை விடக் கனம், தரையோட படியும். மெத்தையைத் தரையில போட்டுத் தூங்கறவங்க யோசிங்க. ஹால்லயோ சமையலறையிலயோ வைங்க. பக்கத்துல கார்பன் டை ஆக்சைடு அலாரம் ஒண்ணு மாட்டுங்க. கவனம், வீட்டுல ஏற்கெனவே இருக்கிறது கார்பன் மோனாக்சைடு அலாரம். அது இதுக்குக் கத்தாது.

கார்ல கொண்டு வரும்போதும் இதேதான். சிலிண்டரை நிமிர்த்தி, உருளாம கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்க. வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க.

மாட்டினதும் ஒவ்வொரு இணைப்புலயும் சோப்புத் தண்ணி தெளிங்க. குமிழி வந்தா கசிவு. சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேர்ற இடத்துல ஒரு சின்ன வாஷர் இருக்கும், அதை விட்டுடாதீங்க. ஒரே ராத்திரியில சிலிண்டர் காலியாச்சுன்னா முதல்ல பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இனி நுரை. புதுசா மாட்டினவங்க எல்லாரும் புலம்பற விஷயம். பீரை 3 டிகிரி செல்சியஸ்ல, 12 பிஎஸ்ஐல ஒரு வாரம், பத்து நாள் வச்சா, சாதாரண ஏலுக்கு வேண்டிய கேஸ் ஏறிடும். அதே அழுத்தத்துலதான் ஊத்தவும் வேணும். கிட்ல வர்ற குழாய் பெரும்பாலும் குட்டையா இருக்கும். திறந்தா கிளாஸ் முழுக்க நுரை. உடனே அழுத்தத்தைக் குறைப்போம். அப்போ பீர்ல கரைஞ்ச கேஸ் குழாய்க்குள்ளயே பிரிய ஆரம்பிச்சு, நுரை இன்னும் கூடும், நாலு நாள்ல பீரும் சப்புனு ஆயிடும். இதை சர்க்யூட்டா பாருங்க. 12 பிஎஸ்ஐ உங்க வோல்டேஜ். அதை வழியில இறக்க ரெசிஸ்டன்ஸ் வேணும். ரெசிஸ்டன்ஸ்ங்கறது குழாயோட நீளம். உள்விட்டம் 3/16 அங்குலம் இருக்கிற வினைல் குழாய்னா பத்தடி வாங்குங்க. நீளமா இருந்தா வெட்டிக்கலாம், குட்டையை ஒட்ட முடியாது.

ஊத்தறதுக்கு கையால அழுத்தற பிளாஸ்டிக் டாப் போதும், பிக்னிக் டாப்னு கேட்டா தருவாங்க. ஃப்ரிட்ஜ் கதவுல ஓட்டை போட்டு, குரோம் குழாய், மரக் கைப்பிடி எல்லாம் பிறகு பார்த்துக்கலாம். ஓட்டை போடறவங்க ஃப்ரிட்ஜ் பக்கச் சுவர்ல போடாதீங்க, அங்க கூலன்ட் குழாய் ஓடலாம். வீட்டு ஓனரோட ஃப்ரிட்ஜுல எங்கயுமே போடாதீங்க.

ரெண்டு கெக், செஸ்ட் ஃப்ரீசர், நாலு டாப் எல்லாம் வேணும்னு ஒருத்தர் பட்டியல் அனுப்பியிருக்கார். நண்பா, நீங்க மாசத்துக்கு ஒரு பேட்ச் காய்ச்சறதா எழுதியிருக்கீங்க. நாலு டாப்புல மூணு காத்துதான் வாங்கும். ஒரு கெக், சிலிண்டர், ரெகுலேட்டர், ரெண்டு கனெக்டர், குழாய், டாப், எல்லாம் சேர்த்து 250-லிருந்து 300 டாலருக்குள்ள முடிக்கப் பாருங்க. ரெண்டாவது கெக்கை மூணு மாசம் கழிச்சு வாங்குங்க. காசு மிச்சம் பிடிக்கணும்னா ரெகுலேட்டர்ல மட்டும் பிடிக்காதீங்க, 800 பிஎஸ்ஐயைத் தாங்கறது அதுதான்.

4 லிட்டர் மினி கெக் பத்தியும் கேட்டிருந்தீங்க. அழகா இருக்கு, ஃப்ரிட்ஜ் தட்டுல உட்காரும். ஆனா 16 கிராம் கேஸ் குப்பியை வச்சு கேஸ் ஏத்த நினைச்சா, ஏத்தறதுக்கே ஒண்ணு கிட்டத்தட்ட தீர்ந்துடும், ஊத்த இன்னொண்ணு. பாட்டில் மாதிரி சர்க்கரை போட்டு கேஸ் வரவச்சு, குப்பியை ஊத்த மட்டும் வச்சுக்கிட்டா கட்டும்.

கனெக்டர் மாட்டும்போது சாம்பல் நிறம் கேஸுக்கு, கறுப்பு பீருக்கு. பால் லாக்ல ரெண்டு வாயும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும், அளவு மட்டும் மயிரிழை வித்தியாசம். மாத்தி அழுத்தினா உள்ள போயிடும், எடுக்க ஸ்பேனர் தேடணும். அழுத்திப் போகலைன்னா நிறத்தை ஒரு தடவை பாருங்க.

அடுத்த எபிசோட்ல கெக் சுத்தம் பண்றதை எடுத்துக்கலாம். அதுக்குள்ள வாங்கப் போறவங்க ஒரு டேப்பை எடுத்து ஃப்ரிட்ஜோட உள் உயரத்தை அளந்து மெயில்ல போடுங்க. பால் லாக் கெக் 63 சென்டிமீட்டர் வரும், மேல கனெக்டருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடணும்.