உழவாரமும் கைத்தொலைபேசியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீதியோரக் குப்பை. விழா மேடையிலே பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணலாம். சைவத்தின் வரலாற்றிலே குப்பை அகற்றும் பணிக்கு உள்ள இடம் சிறிதன்று. திலகவதியார் திருவதிகைத் திருக்கோயிலிலே அலகிட்டார், மெழுகினார். அவர்தம் தம்பியார் திருநாவுக்கரசர், உழவாரப் படையை ஏந்தித் தலந்தோறும் சென்று, திருவீதிகளிலே முளைத்த புல்லைச் செதுக்கினார். நாவுக்கு அரசர் என்று பெயர் பெற்ற ஒருவர் கையிலே தாங்கியது உழவாரம் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அந்த உழவாரத்தோடு இக்காலத்துக் கருவியாகிய இணையத்தையும் சேர்த்துக்கொண்டால் நம் வீதிப்பணி எவ்வாறு சிறக்கும் என்பதே நமது ஆராய்ச்சி.

முதலில் நம் ஊரை நோக்குவோம். மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குச் செல்லும் ஏ14 நெடுஞ்சாலையிலே இருப்பது முருங்கன். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் செல்லும் அடியார்களும், ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குச் செல்லும் யாத்திரிகர்களும் பெருந்தொகையாய் இவ்வழியே போகின்றார்கள். பக்தர்கள் போய்விடுகின்றார்கள், சோற்றுப் பொதி சுற்றிய தாளும், தண்ணீர்ப் போத்தலும், சொப்பின் பையும் போவதில்லை. வழிப்போக்கரை மட்டும் குறைகூறுவதும் நீதியன்று. நம் வீட்டுக் குப்பையும் இருட்டியபின் மதகடியிலே போய் விழுகின்றதல்லவா?

மாரி பெய்ததும் இவையெல்லாம் வாய்க்காலுக்குள் இறங்குகின்றன. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் விதைக்கும் மக்கள் நாம். வாய்க்கால் அடைபட்டால் யாருடைய வயல் காயும்? சோற்று மணத்துக்காகப் பொலித்தீனைத் தின்னும் மாடு யாருடைய மாடு? சிரட்டையிலும் போத்தலிலும் தேங்கிய நீரிலே பெருகும் டெங்கு நுளம்பு, சாதி சமயம் பார்த்தா கடிக்கின்றது? மேற்கே வங்காலையிலே, 2008ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இலே றாம்சார் ஈரநிலமாக உலகத்தின் கணக்கிலே ஏறிய நிலம் இருக்கின்றது. கடல்கடந்து வரும் பறவைகளுக்கு நாம் வைக்கும் விருந்து பிளாஸ்ரிக் ஆகலாமா?

சட்டம் இல்லாமலில்லை. மெல்லிய பொலித்தீனையும், உணவு சுற்றும் பொலித்தீன் தாளையும், ரெஜிபோம் பெட்டியையும் 2017 செப்டெம்பர் 1 முதல் அரசாங்கம் தடைசெய்தது. 2025 ஜனவரி 1இலே கிளீன் சிறீலங்கா என்னும் திட்டத்தையும் தொடக்கி வைத்தது. ஆயினும், கொழும்பிலே எழுதும் சட்டம் நம் மதகடியிலே வந்து குப்பை பொறுக்காது. அது ஊரவர் செய்யவேண்டிய பணி.

சிரமதானம் நமக்குப் புதிதன்று. 1958இலே நாளந்தா கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அதிலிருந்தே சர்வோதய இயக்கம் வளர்ந்தது. ஆனால், ஊர்ச் சிரமதானங்கள் பலவற்றிலும் நாம் காண்பது யாது? அறுபது பேர் ஓரிடத்திலே கூடுவர். அடுத்த வளைவிலே ஒருவரும் இரார். மண்வெட்டி பத்து வரும். சாக்கு இரண்டே வரும். நிரப்பிய சாக்குகள் வீதியோரத்திலே நிற்கும். ஏற்றிச் செல்ல உழவு இயந்திரம் வாராது. மூன்றாம் நாள் நாய்களும் கழுதைகளும் அவற்றைக் கிழித்துவிடும். உழைப்பு உண்டு, ஒழுங்கு இல்லை.

இக்குறையைப் பிறநாட்டார் தீர்த்த விதத்தைக் கேளுங்கள். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே, 1985ஆம் ஆண்டு, ரைலர் நகரச் சங்கம் ஒன்று நெடுஞ்சாலையிலே இரண்டு மைல் தூரத்தைத் தன் பொறுப்பிலே ஏற்றது. வீதியைத் தத்தெடுத்தல் என்னும் அந்த முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று. அதிலிருந்து நாம் கற்பது ஒன்று: எல்லார்க்கும் பொதுவான வீதி ஒருவர்க்கும் உரியதன்று என்றாகிவிடும், பங்கு பிரித்தால் பொறுப்புப் பிறக்கும்.

மற்றது எஸ்தோனியா. பதின்மூன்று இலட்சம் மக்களே வாழும் சிறிய நாடு. 2008 மே 3ஆந் தேதி அங்கே ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் ஒரே நாளிலே பதினாயிரம் தொன் குப்பையை அகற்றினர். ஐந்து மணித்தியாலத்திலே முடிந்தது என்பர். ஆனால், அதற்கு முன்னர் பல மாதங்களாகத் தொண்டர்கள் காடு மேடெல்லாம் திரிந்து, குப்பை கிடந்த பதினாயிரம் வரையிலான இடங்களைக் கைத்தொலைபேசியின் உதவியோடு இணைய வரைபடத்திலே குறித்து வைத்தார்கள். பொறுக்கியது ஒரு நாள். கணக்கெடுத்தது பல மாதம். வெற்றியின் இரகசியம் இதுவே.

இனி நாம் செய்யத்தக்கது யாது? பெரும் பணம் வேண்டியதில்லை. இணையத்திலே இலவசமாய்க் கிடைக்கும் ஒரு படிவம், ஒரு வரைபடம், எல்லாரும் பார்க்கத்தக்க ஒரு பதிவேடு ஆகிய மூன்றும் போதும். வீதியைக் கிலோமீற்றர்க் கல்லுக்குக் கல் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்தல் வேண்டும். வர விரும்புவோர் முன்கூட்டியே தம் பெயரையும், கொண்டுவரும் கருவியையும் பதிவர். எவ்விடத்திலே ஆள் குறைவு, எவ்விடத்திலே சாக்குக் குறைவு என்பது முதல்நாளே தெரிந்துவிடும்.

இப்பதிவேட்டிலே முக்கியமான நிரல் இரண்டு. ஒன்று, சாக்குகளை ஏற்றிச் செல்பவர் யார், எத்தனை மணிக்கு என்பது. நானாட்டான் பிரதேச சபையோடு பேசி அந்த நிரலை நிரப்பிய பின்னரே சிரமதானத்தின் தேதியைக் குறித்தல் வேண்டும். மற்றது, ஒரு மாதத்தின் பின் அதே இடத்திலே மீண்டும் சேர்ந்த குப்பை எவ்வளவு என்பது. இரண்டு மூன்று முறை ஒரே மதகடியிலே ஒரே வகைக் குப்பை சேருமாயின், அது எங்கிருந்து வருகின்றது என்பது விளங்கும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், கணக்கோடு போய்ப் பேசலாம். வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ பிரதேச சபைக்கோ விண்ணப்பிக்கும்போதும், குப்பை அதிகம் என்று முறையிடுபவருக்குக் கிடைக்காத மதிப்பு, இத்தனை சாக்கு, இன்ன இடம், இன்ன தேதி என்று சொல்பவருக்குக் கிடைக்கும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நம்முடையது போர் நடந்த மண். கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நடைபெற்ற மாவட்டம். இன்னதென்று அறியாத உலோகப் பொருளைக் கண்டால் ஒருவரும் தொடலாகாது. விலகி நின்று 119 இலக்கத்திலே பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். சேர்த்த பொலித்தீனைக் கொளுத்துதல் ஆகாது. அது குப்பையை மூச்சுக்குள்ளே கொட்டுவதாகும். தங்கைமாரின் தொலைபேசி இலக்கத்தைப் பலரும் பார்க்கும் பதிவேட்டிலே இடலாகாது. பொறுப்பாளரிடம் மட்டுமே அது இருக்கட்டும். சிறுவர்களின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடலும் தகாது.

பெரியோர் சிலர் கேட்கக்கூடும்: இளைஞர் கையிலே தொலைபேசியைக் கொடுத்து, இதற்கும் அதைத்தான் பார் என்கின்றீர்களே, வேலை நடக்குமா? நியாயமான கேள்வி. படம் எடுத்துப் போடுவதற்காக மட்டும் கூடும் கூட்டம் வீதியை ஒருபோதும் துப்புரவாக்காது. பதிவேடு வேலையன்று, வேலைக்கு வழிகாட்டியே. குனிந்து பொறுக்கும் கை இல்லாவிடில் இணையம் வெறும் ஏடு. ஆனால், கையை மட்டும் நம்பி ஒழுங்கை விட்டுவிட்டால், ஆர்வம் ஒரு பருவத்தோடு வற்றிவிடும். கைத்தொலைபேசி இல்லாத பெரியவர் ஒருவர் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொன்னால், அவன் பதிந்துவிடுவான். எந்த மதகடியிலே முன்னர் நீர் ஓடியது, எது அடைபட்டது என்பதைப் பெரியவர் சொல்ல, தம்பி வரைபடத்திலே குறிக்கட்டும். மூத்தோர் அறிவும் இளையோர் விரலும் சேருமிடம் அதுவே.

அன்பர்களே! இப்பணி நம் மன்றத்துக்கு மட்டும் உரியதன்று. திருக்கேதீச்சரத்துக்கும் மடுவுக்கும் வீதி ஒன்றே. ஆதலால், சைவரும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் ஒரே பதிவேட்டிலே பெயர் எழுதக் கடவோம். முழு வீதியையும் முதல் நாளிலே எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த பூரணை விடுமுறையன்று ஒரு கிலோமீற்றர் போதும். அதை ஓர் ஆண்டு முழுதும் குப்பையின்றிக் காத்துக் காட்டுவோம். அடுத்த ஆண்டு விழாவிலே எத்தனை பேர் பேசினார்கள் என்பதற்குப் பதிலாக, எத்தனை கிலோமீற்றர் துப்புரவாய் இருக்கின்றது என்று செயலாளர் அறிக்கை வாசிக்கட்டும்.

பணி சிறக்கத் திருக்கேதீச்சரப் பெருமான் அருள்வாராக.